மேலே பார்த்தால் ஆமாம்

மூக்குக்குள் குழாய் நுழைகிற இடத்தில் அரிக்கிறது. பிளாஸ்திரியின் ஓரம் கிளம்பியிருக்க வேண்டும், ஃபேன் காற்றில் அது படபடத்துத் தோலைத் தொட்டுத் தொட்டு விடுகிறது. அரிப்பை நினைக்கக்கூடாது, நினைத்தால் வளரும், நினைக்கக்கூடாது என்று நினைப்பதும் நினைப்பதுதான், வேறு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும், டியூப் மூடிகளைப் பிடித்துக்கொள்கிறேன், ஊதா மூடி ரத்த அணுக்களுக்கு, சாம்பல் மூடி சர்க்கரைக்கு, நீல மூடி ரத்தம் உறைவதைப் பார்க்க, அத்தனை வருடம் அந்த லேபில் ஊர்க்காரர்கள் கையிலெல்லாம் நரம்பு தேடி ஊசி குத்தியவள் நான், கையை மடக்கிக்கோங்க, அஞ்சு நிமிஷம் நீட்டாதீங்க என்று சொன்னவள். இப்போது என் கை போர்வை மேல் கிடக்கிறது. என்னைப் பார்த்துக்கொள்கிற அஞ்சலை எப்படி வைத்துவிட்டுப் போனாளோ அப்படியே, விரல்கள் கொஞ்சம் மடங்கி, எதையோ வாங்கக் காத்திருப்பதுபோல. மதியக் கஞ்சியைக் குழாயில் ஊற்றி முடித்துவிட்டாள். புரையேறாமல் இருக்கக் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைத்திருக்கிறாள், அதனால் இப்போது எனக்கு உலகம் கொஞ்சம் பெரியது, எதிர்ச் சுவர், பீரோவின் மேல் பாதி, அதன் மேல் என் மகன் நிர்மல் காலேஜுக்குக் கொண்டுபோன பழைய பெட்டி, ஃபேன், கூரையில் ஈரம் இறங்கிய பழுப்புத் திட்டு. கண்ணை மேலே தூக்கினால் திட்டு, கீழே இறக்கினால் கை. பக்கவாட்டில் போகாது. வாசல் வலது பக்கம் இருக்கிறது, யார் வந்தாலும் அவர்களாக என் முன்னால் வந்து நின்றால்தான் உண்டு, இல்லாவிட்டால் அவர்கள் வெறும் சத்தம்.

சமையலறையில் பாத்திரம் உருள்கிறது. அஞ்சலைக்குப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கத் தெரியாது, முதல் மாதம் எரிச்சலாக இருந்தது, இப்போது அந்தச் சத்தம் நின்றால் பயமாக இருக்கிறது, எங்கேயாவது போய்விட்டாளா, கீழே கடைக்குப் போயிருக்கிறாளா, அந்த நேரத்தில் எச்சில் தொண்டைக்குள் தப்பிப் போய்விட்டால் என்று. பயம் எப்போதும் தொண்டையில்தான். நான் விழுந்த அன்றைக்குக்கூட முதலில் தொண்டைதான் போனது. காலை வெறும் வயிற்றுக் கூட்டம், லேபில் வரிசை வாசல் வரை நின்றது, மில்லில் வேலை பார்க்கிற பெரிய உடம்புக்காரர் ஒருவர் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார், ஊசி உள்ளே போய் ரத்தமும் ஏறத் தொடங்கிவிட்டது, ஒண்ணுமில்ல சார் முடிஞ்சுது என்று சொல்லப் போனேன், வாயிலிருந்து வந்தது சொல் இல்லை, ஏதோ ஒரு கொழகொழப்பு. மேஜை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்போது எனக்கு இருந்த கவலையெல்லாம் அவர் கையில் ஊசி இருக்கிறதே, கட்டின ரப்பரை அவிழ்க்கவில்லையே என்பதுதான். அதற்குப் பிறகு வெளிச்சங்கள், பேச்சுகள், யாரோ என் இமையை விரலால் தூக்கிப் பார்ப்பது. ஒருநாள் முழுசாக விழித்துக்கொண்டேன், எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது, கையைத் தூக்கு என்று கைக்குச் சொன்னேன், கை கேட்கவில்லை. ஒரு டாக்டர் குனிந்து தன் விரலை என் முகத்துக்கு முன்னால் நீட்டி, இதைப் பாருங்கம்மா, விரல் போற பக்கம் பாருங்க என்று இடதுக்கும் வலதுக்கும் ஆட்டினார். பார்க்கத்தான் முயன்றேன். உடம்பில் மிச்சமிருந்த அத்தனையையும் திரட்டி முயன்றேன், கண் நகரவில்லை. அந்த விரலை ஒரே ஒரு தடவை மேலும் கீழுமாக அவர் ஆட்டியிருக்கலாம். நிமிர்ந்துவிட்டார். என் வீட்டுக்காரரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னது எனக்குக் கேட்டது, கண்ணு திறந்திருக்கு, ஆனா உள்ள பெரிசா ஒண்ணும் இல்லைன்னுதான் நினைக்கிறோம், நீங்க மனசைத் தேத்திக்கணும். உள்ளே நான் இருந்தேன். கத்திக்கொண்டிருந்தேன்.

ஜாக்கெட் ஒன்று தைக்கக் கொடுத்திருந்தேன். ஏன் இது இப்போது ஞாபகம் வருகிறது, தினமும் இந்த நேரத்தில் வந்துவிடுகிறது, கொன்றைப்பூ மஞ்சளில் மெரூன் கரை வைத்த புடவைக்கு மெரூன் ஜாக்கெட், நாச்சியார் கோயில் பக்கத்துத் தையல்காரர் வெள்ளிக்கிழமை வாங்கிக்கோங்க என்றார், வெள்ளிக்கிழமை நான் வென்டிலேட்டரில் இருந்தேன். அது இன்னும் அவர் கடையில் கம்பியில் தொங்குகிறதா, யாருக்காவது கொடுத்துவிட்டாரா, கழுத்தை அகலமாக வேண்டாம் என்று சொன்னேனே, கேட்டாரா. போய் வாங்கிட்டு வாங்க என்று என் வீட்டுக்காரரிடம் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஒரு வாக்கியம். அதை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், வேறு வேறு குரலில், கோபமாக, சாதாரணமாக, செருப்பு மாட்டிக்கொண்டே, சொல்லிச் சொல்லி அதில் சொல்லே தேய்ந்துபோய்விட்டது. நிர்மல் பூனாவிலிருந்து வீடியோவில் வருவான், அவர் போனை என் முகத்துக்கு நேராகப் பிடிப்பார், அம்மா எப்படிம்மா இருக்கே என்பான், என் மகன், தாடி வளர்த்திருக்கிறான், கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது, நான் கண்ணைத் தூக்குவேன், தூக்கித் தூக்கிக் காட்டுவேன், அவன் அதற்குள், அம்மா ரொம்ப மெலிஞ்சுட்டாங்கப்பா என்று அவரிடம் போய்விடுவான். எல்லோரும் என்னைக் கேள்வி கேட்கிறார்கள். பதிலுக்கு யாரும் நிற்பதில்லை.

அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலை இழுத்துப் போடுகிறாள், கால் தரையில் கீறுகிறது. போன் பேசப் போகிறாள். மதியம் என்றால் சேகர். சேகர் லாரி ஓட்டுகிறவர், மனைவி இல்லாதவர், இவளுக்கும் புருஷன் போய் ரொம்ப நாளாயிற்று, இவர்கள் பேசிக்கொள்வது பெரம்பலூர் பக்கத்தில் இவள் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் எந்த ஊர்ச் சாலையோரக் கடையில் சாப்பிட்டார், குழம்பில் உப்பு இருந்ததா, இவள் கண்ணாடி வளையல் வேண்டாம் என்று சொல்லியும் அவர் ஏன் வாங்கினார், எல்லாம் தெரியும். அவள் சிரிக்கிற சிரிப்புக்காகக் காலையிலிருந்து காத்திருப்பேன். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க என்று சத்தத்தை வைத்தே நினைத்துக்கொள்வேன், நாற்பது வயசுக்கு மேல் ஒருத்தி அப்படிச் சிரிப்பதை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது, அவள் இடது பக்கம் உட்காருவாள், கேட்பேன். ஆனால் இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. சாயங்காலம் கிளம்பறேன், பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சு, தலைப்பிரசவம், நான் இல்லாம எப்படி, இனிமே இந்த வேலைக்குத் திரும்ப வர முடியுமான்னு தெரியல என்கிறாள். சார்கிட்ட சொல்லிட்டேன் என்கிறாள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. பீரோவிடம் சொல்வார்களா. என் நெஞ்சு அடிப்பது எனக்குக் கேட்கிறது, இந்த உடம்பில் எனக்குக் கட்டுப்படாமலும் எனக்காக வேலை செய்துகொண்டும் இருப்பது அது ஒன்றுதான். இவள் போய்விட்டால் மதியங்கள் என்ன ஆகும். வேறு ஒருத்தி வருவாள், வராமலும் போகலாம், வராவிட்டால் என்ன என்பது எனக்குத் தெரியும், நேற்றுக் காலை என் வீட்டுக்காரர் இந்த அறையில் சட்டை மாட்டிக்கொண்டே தஞ்சாவூரில் இருக்கிற தன் அக்கா அமுதாவோடு போனில் பேசினார், அஞ்சலை போனா வேற ஆள் கிடைக்கறது கஷ்டம், நீ சொன்ன அந்தப் பாண்டிச்சேரிப் பக்கத்து இல்லத்துலயே விட்டுடலாமான்னு பாக்கறேன், அவளுக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதானே. ஒன்றுதானா. அந்த இல்லத்தின் கூரையில் என்ன நிறத்தில் திட்டு இருக்கும்.

அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை, குறை சொல்லாமலும் இருக்க முடியவில்லை. தனபால் கெட்ட மனிதர் இல்லை. சிமென்ட் கம்பெனி ஆபீஸில் நாளெல்லாம் டீலர்களோடு கத்திவிட்டு வந்து, என் காலை மடக்கி நீட்டி, முதுகில் புண் வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை அஞ்சலைக்கு லீவு, எல்லாம் அவர்தான். மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு வயிறு கெட்டுப்போனது. ஒரு தடவை துடைத்துவிட்டு விரிப்பை மாற்றினார், உடனே மறுபடி, மாற்றினார், மறுபடி. எனக்கு அடக்கத் தெரியவில்லை, அடக்குவது என்றால் எந்தச் சதையை என்று மறந்துவிட்டது, செத்துவிடலாம் போலிருந்தது, அதற்கும் கை வேண்டும். மூன்றாவது தடவை அவர் அழுக்கு விரிப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். லுங்கியெல்லாம் ஈரம். என் முகத்தைப் பார்த்தார். வெகு நாளைக்கு அப்புறம் நேராக என் முகத்தைப் பார்த்து, "போயிடேன் சுகந்தி," என்றார். சத்தமாக இல்லை. பஸ் வந்துவிட்டது ஏறிக்கொள் என்று சொல்வதுபோல. அப்புறம் எழுந்து விரிப்பை அலசினார், எனக்குப் பவுடர் போட்டார், கை அழுந்தாமல், எப்போதும் போல. அந்த வாக்கியத்தை நான் எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா, வெறுப்பா, அசதியா, நான் கேட்பேன் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாரா, தெரியாததால்தான் சொன்னாரா, அப்படியென்றால் அதுதான் நிஜமா. ஒவ்வொரு தடவையும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறேன், அவர் என் பேரைச் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. நின்றால் அடுத்த நிமிஷமே அதற்கு முன்னால் இருக்கிற சொல் வந்துவிடுகிறது.

தண்ணீர் சத்தம், பை ஜிப் சத்தம். அஞ்சலை தன் துணிகளை எடுத்து வைக்கிறாள். சீப்பை எடுத்துக்கொண்டு வந்து, அதிசயமாக, எனக்கு நேர் எதிரே கட்டிலில் ஏறி உட்கார்ந்து என் முன்முடியை வாருகிறாள். முகத்தில் வேர்வை, மூக்குத்திக்குப் பக்கத்தில் ஒரு மரு, இவ்வளவு பக்கத்தில் அவளை நான் பார்த்ததே இல்லை. "நான் போறேன்க்கா, கோவமா?" என்கிறாள். குழந்தையிடம் கேட்பதுபோல, சும்மா. ஆனால் சிக்கு ஒன்று சீப்பில் மாட்டிக்கொண்டது, அதைப் பிரிக்க அவள் நின்றாள், என் முகத்திலேயே பார்வை இருந்தது. நான் கண்ணைத் தூக்கினேன். அவளும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், நான் ஆமாம் என்றால் கூரையைப் பார்க்கிறார்கள். "பல்லியா?" என்றாள். நான் கண்ணைக் கீழே இறக்கினேன், முழுக்க, கை தெரிகிற வரை. அவள் சீப்பு நின்றது. "பல்லி இல்லையா?" கீழே. "கோவமான்னு கேட்டேன்." மேலே. அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மாறியது, தூங்குகிறவர் அசைந்ததைப் பார்த்த மாதிரி, பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். "உங்க வீட்டுக்காரர் பேரு மாணிக்கமா?" என்றாள். நான் கண்ணைத் தரை வரைக்கும் இறக்க முடிந்தால் இறக்கியிருப்பேன். "தனபாலா?" மேலே, திட்டுக்கும் மேலே. சீப்பு என் மடியில் விழுந்தது. அவள் என் கையைப் பிடித்து ஆட்டினாள், என் கை ஆடுவதை நான் பார்த்தேன். பிறகு அவளுக்கு வேறு ஒன்று உறைத்தது, தெரிந்தது எனக்கு, கழுத்திலிருந்து சிவந்தாள். "அப்ப நான் போன்ல பேசினதெல்லாம்," என்று மெதுவாகக் கேட்டாள், "சேகர் விஷயமும் தெரியுமாக்கா?" மேலே. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டே, "சார்கிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அந்தச் சிரிப்பு, இந்தத் தடவை எனக்கு எதிரே, கண்ணில் தண்ணீர் வழிய. நானும் சிரித்தேன். என் முகத்தில் ஒன்றும் நடந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் நேரம் ஓடியதே தெரியவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், ஃபேன் அதிகமா, தலைகாணி உசரமா, மூக்குல அரிக்குதா, அய்யோ இத்தனை நாளும் அரிச்சுதா, பிளாஸ்திரியை எடுத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தாள், அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வது. வெயில் சுவரில் ஏறி மங்கிக்கொண்டிருந்தது. எனக்குள் ஒரு பக்கம் ஏதோ குதித்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் மெல்ல ஒரு குளிர் ஏறியது, இவள் அவரிடம் சொல்வாள், சொல்லத்தான் வேண்டும், சொல்லாவிட்டால் நான் பாண்டிச்சேரிப் பக்கம் போய்விடுவேன், ஆனால் சொன்னால், எனக்குக் கேட்கும் என்று அவருக்குத் தெரிந்தால், எப்போதிலிருந்து கேட்டது என்று அவர் யோசிப்பார். அஞ்சலைக்கு வெட்கம் வந்தது. அவருக்கு என்ன வரும். சாவி திரும்பியது. இவள் ஊருக்குப் போவதற்காக ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்திருக்கிறார், டிபன் பாக்ஸை மேஜையில் வைக்கிற சத்தம், செருப்பு. இவள் ஓடினாள். ஹாலில் பேச்சு, இவள் குரல் வேகமாக, பிறகு அவர், இல்லம்மா, டாக்டர் தெளிவா சொல்லிட்டார், கண்ணு சும்மா அலையும், நீங்க போற நேரத்துல மனசு அப்படித் தோணுது. நீங்க வந்து கேளுங்க சார் என்றாள் இவள். நீங்களே கேளுங்க.

வந்து எதிரே நின்றார். சட்டையில் பேனா மை கசிந்திருந்தது. வயசாகிவிட்டது இவருக்கு. முகத்தில் நம்பிக்கையைத் தேடினேன், அது இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் வந்து நின்றது பயம், அப்படி ஒரு பயத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை, ஆஸ்பத்திரியில்கூட. "சுகந்தி, நான் பேசறது கேக்குதா?" என்றார். பேர் சொல்லி. கண் இமைக்காமல் சுவரைப் பார்த்தபடி இருந்துவிடலாம். அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார், பார்த்தீங்களா அஞ்சலையம்மா என்பார், எல்லாம் பழையபடி, அவர் சொன்னதை யாருமே கேட்கவில்லை என்று ஆகிவிடும். அப்படிச் செய்தால் நான் இல்லை என்று நானே சொன்னதாக ஆகும். பக்கத்தில் எங்கிருந்தோ அஞ்சலை, மேலே பாருங்கக்கா, பாருங்கக்கா என்று முணுமுணுத்தாள். பார்த்தேன். அவர் ஒரு எட்டுப் பின்னால் போனார். "நிர்மல் சென்னையிலயா இருக்கான்?" என்றார், குரல் உடைந்துபோய். கீழே. "பூனாவா?" மேலே. அவர் ஸ்டூலைக் கையால் தடவித் தேடி உட்கார்ந்தார், உட்கார்ந்ததும் என் பார்வையிலிருந்து மறைந்துவிட்டார், மூச்சு மட்டும் கேட்டது. அஞ்சலை எனக்கு முன்னால் வந்து என் கன்னத்தைத் தொட்டாள், பொண்ணுக்கு நல்லபடியாப் பொறக்கட்டும்னு சொல்லுங்கக்கா என்றாள், மேலே பார்த்தேன், மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன், அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்கித் தெருவில் கரைகிற வரை.

வீடு அமைதியாகிவிட்டது. அவர் எழுந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார், அன்றைக்கு உட்கார்ந்த அதே பக்கம். விளக்குப் போடவில்லை. கையைப் பிசைந்துகொண்டிருந்தார். "மழை பெஞ்ச அந்த ஞாயித்துக்கிழமை," என்றார், நிறுத்தினார். "நான் உன்கிட்ட ஒண்ணு சொன்னேன். அது கேட்டுச்சா?" என்னிடம் இருப்பது இரண்டே சொல். இத்தனை நாள் அந்த இரண்டும் இல்லாமல் கிடந்தேன், இன்றைக்கு மதியம்தான் வந்தது, அதை இதற்கா செலவழிப்பது. ஆமாம் என்றால் அது உண்மை, உண்மையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்க ஆசையாக இருக்கிறது, ஆனால் அதைக் கேட்க என்னிடம் சொல் இல்லை, வெறும் ஆமாம் மட்டும்தான் இருக்கிறது, அந்த ஆமாமைத் தூக்கிக்கொண்டு அவர் இந்த வீட்டில் எப்படி நடமாடுவார், என் முதுகுக்கு எப்படிப் பவுடர் போடுவார். கண்ணைக் கீழே இறக்கினேன். என் கை தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் அவர் கை. "கேக்கலையா?" என்றார் அவசரமாக. இதற்கு என்ன செய்வது. மேலே பார்த்தால் ஆமாம் கேட்கவில்லை என்றா, ஆமாம் கேட்டது என்றா. கீழே பார்த்தால் இல்லை கேட்கவில்லை என்றா, இல்லை கேட்டது என்றா. அவர் எப்படி எடுத்துக்கொள்வார். அஞ்சலையாக இருந்தால் வேறு மாதிரிக் கேட்டிருப்பாள். ஒரு கணம் இரண்டுக்கும் நடுவில் நின்றேன், பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் வருதா, சரி, தூங்கு, தூங்கு என்றார், போர்வையை இழுத்துவிட்டார், நெற்றியில் அவர் விரல் பட்டது, ஈரமாக இருந்தது. ஹாலுக்குப் போய் போன் போட்டார். "அக்கா, எங்கயும் அனுப்பல அவளை," என்றார், "எல்லாம் தெரியுதுக்கா அவளுக்கு, எல்லாம் கேக்குது," அழுதார், இவ்வளவு சத்தமாக அவர் அழுது நான் கேட்டதில்லை. அந்தப் பக்கம் அமுதா அக்கா ஏதோ கேட்டிருக்க வேண்டும், அந்த ஞாயிற்றுக்கிழமையை அக்காவிடமும் சொல்லியிருந்தார் போல. "இல்லக்கா," என்றார் அப்புறம், குரலைத் தணித்து. "அது மட்டும் கேக்கலையாம்."

நான் கண்ணைத் திறக்கவில்லை.